கறித்துண்டுகளைக் குச்சியில் கோத்துத் தணலில் சுடும் கிரேக்கப் பண்டமான சுவ்லாக்கியை வீட்டில் செய்தால் கறி ஏன் வறண்டுவிடுகிறது?

பெரும்பாலும் கொழுப்பில்லாத கறியும் பொடித் துண்டுகளும்தான் காரணம். கிரேக்கத்தில் இதற்குப் பன்றியின் கழுத்துக்கறி, தோள்பட்டைக்கறிதான் பிடித்தம். கோழி என்றால் தொடைக்கறி எடுங்கள். 3 செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள்.

800 கிராம் கறிக்குக் கால் கப் ஆலிவ் எண்ணெய், ஒரு எலுமிச்சையின் சாறு, 3 பல் பூண்டு, 2 தேக்கரண்டி காய்ந்த ஓரிகானோ, உப்பு, மிளகு. மிளகாய்த்தூள் பக்கம் கை போக வேண்டாம், அது வேறு பண்டமாகிவிடும். புளிப்பில் ராத்திரி முழுக்க ஊறினால் கறியின் மேற்பகுதி கொழகொழத்துவிடும். 2 மணி நேரம் போதும்.

மரக்குச்சிகளை அரைமணி நேரம் தண்ணீரில் போட்டுவையுங்கள். கறியை அவற்றில் கோத்து, தணல்மேல் சாம்பல் பூத்த பிறகு வைத்து, திருப்பித் திருப்பிச் சுடுங்கள். கம்பித்தட்டில் ஒட்டினால் இழுக்காதீர்கள், ஒட்டிய பக்கம் சிவந்ததும் தானே விட்டுவிடும். கோழி உள்ளே 74 டிகிரி செல்சியஸ் தொட்டதும் எடுத்துவிடலாம். அப்புறம் தயிர், வெள்ளரி, பூண்டு கலந்த ஜாட்ஸிகி. வெள்ளரியைத் துருவி ஒட்டப் பிழியாவிட்டால் அது மோராகிவிடும்.