ஃபேட்டன் ஏன் விலைபோகவில்லை?

கேள்வி: ஃபோக்ஸ்வேகனின் ஃபேட்டன், தரத்தில் எந்த ஜெர்மன் சொகுசு காருக்கும் சளைத்ததல்ல என்று படித்தேன். அப்படியானால் வாங்குவோர் அதை ஏன் ஒதுக்கினார்கள்?

பதில்: நீங்கள் படித்தது உண்மைதான். 2002-இல் வெளிவந்த அந்தக் காருக்காக, நிறுவனத் தலைவராக இருந்த ஃபெர்டினாண்ட் பியெக், டிரெஸ்டன் நகரில் கண்ணாடிச் சுவர்கள் கொண்ட தனி ஆலையையே எழுப்ப வைத்தார். வெளியே 50 டிகிரி வெயிலில் நாள் முழுவதும் 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினாலும் உள்ளே 22 டிகிரி குளிர்ச்சி மாறக்கூடாது என்பது அவர் விதித்ததாகச் சொல்லப்படும் நிபந்தனைகளில் ஒன்று. (விற்பனைக்கு வந்த காரின் வேகமோ 250-க்குக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது.)

குறை காரில் இல்லை என்பதற்கு, ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் மற்றொரு சொகுசு கார் நிறுவனமான பென்ட்லியே சாட்சி. ஃபேட்டனின் அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்ட பென்ட்லி கான்டினென்டல் ஜிடி, அதைவிட மிக அதிக விலையில் நன்றாக விற்றது. பென்ட்லியின் ஃப்ளையிங் ஸ்பர் கார்களில் சில டிரெஸ்டன் ஆலையிலேயே உருவாயின. ஆனால் நிர்வாகிகளுக்கான கார் என்பது ஓட்டுவதற்கு மட்டுமல்ல, அலுவலக வாசலில் வந்து நிற்பதற்கும் வாங்கப்படுவது. ஃபோக்ஸ்வேகனின் நடுத்தரக் காரான பாஸட்டைப் பெரிதாக்கியது போன்ற அடக்கமான தோற்றத்துடனும், அதன் சிறிய காரான கோல்ஃபில் இருக்கும் அதே முத்திரையுடனும் வந்து நின்ற ஃபேட்டனால் அந்தப் பணியைச் செய்ய முடியவில்லை. மறுவிற்பனை மதிப்பு வேகமாகச் சரிந்ததால், கணக்குப் பார்த்து வாங்கும் நிறுவனங்களும் தயங்கின. அமெரிக்காவில் ஃபோக்ஸ்வேகனின் சாதாரணக் காரான ஜெட்டாவை வாங்க வருபவர்களுக்குப் பழகிய விற்பனையகங்களிலேயே இதையும் விற்றார்கள். மெர்சிடிஸின் சொகுசு காரான எஸ் கிளாஸை வாங்கக்கூடியவர் அங்கே எதற்காக நுழைவார்? 2006-லேயே அந்தச் சந்தையிலிருந்து ஃபேட்டன் விலகியது.

என் பார்வையில், பெரிய தடை வீட்டுக்குள்ளேயே இருந்தது. அதே குழுமத்தின் அவுடி ஏ8, அலுமினிய உடலும் ஏற்கெனவே பெற்றிருந்த மதிப்புமாக எதிரில் நின்றபோது, இரண்டு டன்னைத் தாண்டும் எடையுள்ள எஃகு உடல் ஃபேட்டனைத் தேர்ந்தெடுக்க வலுவான காரணம் வேண்டியிருந்தது. விளம்பரங்கள் அதைத் தரவில்லை. டொயோட்டா 1989-இல் சொகுசு காரை இறக்கியபோது தன் பெயரை ஒதுக்கி, லெக்சஸ் என்ற தனிப் பெயரையும் தனி விற்பனையகங்களையும் உருவாக்கியது. பியெக்கோ, ஃபோக்ஸ்வேகன் என்ற பெயரையே மேலே உயர்த்த எண்ணினார்.

ஆண்டுக்கு 20,000 கார்கள் என்ற கணக்கில் திட்டமிடப்பட்ட ஆலையிலிருந்து, 2016-இல் உற்பத்தி நிற்கும்வரை மொத்தமாக வெளிவந்தவை ஏறத்தாழ 84,000 ஃபேட்டன்கள்தான்.