ஆறாவது நாற்காலி

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினான்கு ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது 38. மாதக் கடைசியில் கணக்கு முடித்து அறிக்கை அனுப்புவேன், மறுநாள் அடுத்த மாதம் தொடங்கிவிடும். மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மரவேலை பழகுகிறேன். சென்ற விடுமுறையில் மகளுக்கு ஒரு நாற்காலி செய்தேன். அதை முடித்த அன்று கிடைத்த நிறைவு அலுவலகத்தில் ஒரு நாளும் கிடைத்ததில்லை. பிடித்ததைத் தொழிலாகக் கொண்டால் அது வேலையாகவே தெரியாது என்கிறார்கள். முழுநேரத் தச்சனாகிவிடலாமா என்று யோசிக்கிறேன். வீட்டில் தயங்குகிறார்கள், நண்பர்கள் சிரிக்கிறார்கள். இந்த வயதில் மாறலாமா? முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்க வேண்டுமா? வேலையை இப்போதே விடலாமா, ஆண்டுக் கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டா?

ச.

அன்புள்ள ச.,

‘முடித்த அன்று’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு சொற்களுக்காகத்தான் இந்தப் பதில். வேலை மாற நினைக்கிறவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் இங்கேதான் விழுகிறார்கள். நிறைவு கிடைத்தது முடித்த அன்று. அதற்கு முந்தைய நாட்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

சின்ன விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். 38 ஒரு வயதே அல்ல. நண்பர்கள் சிரிக்கட்டும். சான்றிதழைப் பார்த்து யாரும் நாற்காலி வாங்குவதில்லை, மூட்டு ஆடுகிறதா என்று ஆட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

‘வேலையாகவே தெரியாது’ என்று ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் உங்கள் மேல் கோபம் வருகிறது. பதினான்கு வருடம் பற்று வரவு பார்த்த மனிதர், ரசீது இல்லாத ஒரு கூற்றை இவ்வளவு எளிதாக ஏட்டில் ஏற்றலாமா? 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளை மூன்று பிரிவாக்கினார்கள். வரைந்தால் பரிசு உண்டு என்று ஒரு பிரிவுக்கு முன்பே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்குப் பரிசே இல்லை. சில நாள் கழித்து, பரிசுப் பேச்சே எடுக்காமல் அதே பேனாக்களை மறுபடி வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பரிசுக்கென்று வரைந்த குழந்தைகள், மற்ற இரண்டு பிரிவினரும் வரைந்த நேரத்தில் ஏறத்தாழ பாதி நேரமே வரைந்தார்கள். ஆசையாய்ச் செய்த காரியம் கூலிக்கு வந்ததும் நிறம் மாறலாம். எல்லோருக்கும் மாறும் என்று சொல்லவில்லை. தொழிலாகவே வைத்துக்கொண்டு கடைசிவரை அதை நேசித்தவர்களும் உண்டு. நீங்கள் எந்தப் பக்கம் என்பது சோதித்தால்தான் தெரியும்.

மகளுக்குச் செய்தது ஒரு நாற்காலி. முகம் தெரியாத ஒருவருக்கு, சொன்ன தேதிக்குள், ஒரே மாதிரி ஆறு நாற்காலி செய்வது வேறு வேலை.

ஆறு நாற்காலிக்கு 24 கால்கள். எல்லாம் ஒரே நீளம், ஒரே சரிவு. ஒவ்வொன்றாக அளந்து அறுத்தால் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்று பிழை ஏறி, கடைசி நாற்காலி மூன்று காலில் நிற்கும். ஆகவே முதலில் ஒரு ஜிக், அதாவது எல்லாத் துண்டையும் ஒரே அளவில் பிடித்து அறுக்க உதவும் சட்டம், செய்து, எல்லாக் கால்களையும் அதில் பொருத்தியே அறுக்க வேண்டும். அந்த ஜிக்குக்கே ஒரு நாள் போகலாம், அதற்கு யாரும் காசு தரமாட்டார்கள். அடுத்தது மரத்தின் ஈரம். வீட்டுக்குள் புழங்கும் சாமானுக்குப் பொதுவாக 8 முதல் 12 சதவீதம் வரை இருக்கலாம். ஈரமானி வைத்துப் பார்க்காமல் 18 சதவீதத்தில் அறுத்துச் சேர்த்துவிட்டால், மரம் காயக் காய, மூட்டில் துளைக்குள் செருகிய முனை (தச்சர்கள் அதை நாக்கு என்பார்கள்) சுருங்கித் துளையில் தளரும். கொடுக்கும்போது கல்லாய் நின்ற நாற்காலி சில மாதத்தில் ஆடத் தொடங்கும். மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது, அகலவாக்கில்தான் விரிந்து சுருங்கும். அதை மறந்து அகலமான இருக்கைப் பலகையை நான்கு பக்கமும் பசை போட்டு இறுக்கினால், காற்றின் ஈரம் மாறும்போது பலகை பிளக்கும்.

பிறகு உப்புத்தாள். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தாளின் எண் ஏற ஏற சொரசொரப்பு குறையும், 80, 120, 180, 220 என்று படிப்படியாகத்தான் போக வேண்டும். 80-இலிருந்து நேரே 220-க்குத் தாவினால் தேய்க்கும்போது ஒன்றும் தெரியாது, வார்னிஷ் பூசியதும் கீறல் எல்லாம் எழுந்து நிற்கும். அப்புறம் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி 80. உங்கள் மகளின் நாற்காலியில் கால், சட்டம், முதுகுக் கம்பி எல்லாவற்றுக்குமாக எத்தனை முகங்கள் என்று எண்ணுங்கள். அதை ஆறால் பெருக்குங்கள், வருவதை நான்கு தாளால் பெருக்குங்கள். தச்சரின் நாள் அந்த எண்ணுக்குள்தான் இருக்கிறது. (முகமூடி போடுகிறீர்களா? புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மூக்கையும் அதைச் சுற்றிய குழிகளையும் தாக்கும். ஞாயிறு மட்டும் தேய்ப்பவரும் போட்டாக வேண்டும்.)

இதில் வாடிக்கையாளரிடம் பேசுவது, மரம் பொறுக்குவது, உளி தீட்டுவது, கொண்டுபோய் இறக்குவது, பாக்கி கேட்டு அலைவது எதுவும் சேரவில்லை. வாரம் 50 மணி நேரம் உழைத்து, அதில் 15 மணி இவற்றுக்குப் போனால், மிச்சமுள்ள 35 மணியின் கூலிதான் ஐம்பதையும் சுமக்க வேண்டும். அதாவது ஒரு மணிக்கு நீங்கள் நினைத்த கூலியை 1.43-ஆல் பெருக்கி விலை சொல்ல வேண்டும். இதைச் செய்யாமல் நொடித்துப்போகிற நல்ல கைவேலைக்காரர்களை நினைத்தால் மனது வலிக்கிறது. கணக்குப் பிரிவிலிருந்து வருகிற நீங்களுமா அதைச் செய்வது?

ஆகவே வேலையில் இருந்துகொண்டே, தெரியாத ஒருவரிடம் ஆறு நாற்காலிக்கு ஆர்டர் பிடியுங்கள். விலை, தேதி, முன்பணம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். ஒரு நோட்டு போடுங்கள். அரை மணிக்கு ஒரு வரி: கை என்ன செய்தது, மனம் எப்படி இருந்தது. நன்றாக இருந்தால் வரவு, வற்றிப்போனால் பற்று, இரண்டும் இல்லையென்றால் சுழி. முதல் மூன்று நாற்காலியின் பக்கங்களை நம்பாதீர்கள், புதுமையின் மயக்கம் அதில் இருக்கும். நாலாவதிலிருந்துதான் கணக்கு. அலுவலகத்துக்கும் இதேபோல ஒரு நோட்டு, நான்கு வாரம், மாதக் கணக்கு முடிக்கும் நாட்களும் அதற்குள் வரும்படி.

அலுவலக நோட்டு எதற்கு என்று கேட்பீர்கள். 1976-இல் ஹேக்மன், ஓல்டம் என்ற இருவர், வேலை மனதைப் பிடிக்க ஐந்து தன்மைகளைச் சொன்னார்கள்: பலவிதத் திறமைக்கு இடம், ஒன்றை முழுதாகச் செய்வது, பிறருக்கு அது பொருட்படுவது, தன் விருப்பப்படி செய்யும் சுதந்திரம், செய்தது சரியா என்று வேலையிலிருந்தே தெரிவது. முதல் மூன்றின் சராசரியை எடுத்து, அதைச் சுதந்திரத்தாலும், தெரிவதாலும் பெருக்கச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண். உங்கள் அலுவலகத்துக்கு 4, 2, 4, 2, 2 என்று வைத்துக்கொண்டால் 13.3 வருகிறது. முழுமையை இரண்டிலிருந்து ஏழுக்கே ஏற்றினாலும் 20-தான். கடைசித் தன்மையை, அதாவது செய்தது சரியா என்று தெரிவதை, இரண்டிலிருந்து ஐந்துக்கு ஏற்றினால் 33.3.

நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து பார்த்தீர்கள், தாங்கியது, மகள் சிரித்தாள். மாத அறிக்கையை அனுப்பிய பிறகு அதை யார் படித்தார்கள், எந்த முடிவு அதனால் மாறியது என்று உங்களுக்குத் தெரியுமா? பதினான்கு வருடத்தில் ஒரு முறையாவது கேட்டிருக்கிறீர்களா? அடுத்த மாதம் கேளுங்கள். சிறு தொழில் ஒன்றின் மொத்தக் கணக்கையும், முதல் ரசீதிலிருந்து ஐந்தொகை வரை, ஒருவரே பார்க்கிற இடங்களும் உண்டு. அங்கே முதலாளி எதிரிலேயே இருப்பார், நீங்கள் கண்டுபிடித்த கசிவு அடுத்த மாதமே அடைபடும். உங்களுக்குப் பசித்தது மரமா, இதுவா என்பதை இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மரம்தான் என்று வந்தால் மனதார மகிழ்வேன்.

எப்போது விடலாம் என்று கேட்டிருந்தீர்கள். வீட்டுச் செலவுக்கு ஆறு மாதப் பணம், கருவிகளுக்குத் தனியாகப் பணம், இரண்டாவது ஆர்டர் கையில். மூன்றும் சேர்ந்த மாதத்தில் விடுங்கள், அது ஆண்டுக் கணக்குக்கு முன்பா பின்பா என்பது பெரிய விஷயமல்ல. எந்தத் தொகைக்குக் கீழே சேமிப்பு இறங்கினால் திரும்பிவிடுவீர்கள் என்பதை விடும் முன்பே எழுதி, தயங்குகிற வீட்டாரிடம் கொடுங்கள். அவர்கள் தயங்குவது உங்கள் ஆசையைக் கண்டு அல்ல, எண்கள் இல்லாததால் என்றே நினைக்கிறேன்.

ஆறு நாற்காலியும் இறக்கியபின் எழுதுங்கள். அந்த நோட்டில் உப்புத்தாள் நாட்களின் பக்கங்களை அப்படியே பிரதி எடுத்து அனுப்புங்கள்.