கோய் மீன் குஞ்சுகளைப் பெயர் பார்த்து வாங்கலாமா?

கேள்வி: பண்ணைக்குட்டையில் கோய் மீன் வளர்க்க விரும்புகிறேன். கோஹாகு, சாங்கே, ஷோவா என்று பெயர் சொல்லி விரலளவுக் குஞ்சுகளை வெவ்வேறு விலைக்குத் தருகிறார்கள். இவை தனித்தனி இனங்களா? ஜோடி சேர்த்தால் அதே நிறக் குஞ்சுகள் கிடைக்குமா?

பதில்: இவை அனைத்தும் ஒரே கெண்டை மீனின் நிற வகைகளே, தாய்மீனின் நிறம் எல்லாக் குஞ்சுகளுக்கும் அப்படியே வரும் என்று எண்ணி முதல் போட வேண்டாம்.

ஜப்பானின் நீகாதா மாநிலத்தில் யமாகோஷி, ஓஜியா பகுதி மலைக்கிராமங்களில், படிக்கட்டு வயல்களுக்கு நீர் தேக்கிய குட்டைகளில், உழவர்கள் உணவுக்காகக் கெண்டை வளர்த்துவந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிவப்பும் வெள்ளையும் படர்ந்த சில குஞ்சுகள் அவற்றில் தோன்றின. அவற்றைச் சமைக்காமல் ஒதுக்கி, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்ததன் பயனே கோய். 1914இல் டோக்கியோ பொருட்காட்சியில் வைக்கப்பட்ட பிறகுதான் இதன் புகழ் மலையை விட்டு இறங்கியது. நம்மைப் போன்ற நெல் விவசாயிகளின் கைவண்ணம் இது என்பதை நான் எப்போதும் பெருமையோடு சொல்வேன்.

வெள்ளை உடலில் சிவப்புத் திட்டு மட்டும் இருந்தால் கோஹாகு. தலையில் மட்டும் ஒரு சிவப்பு வட்டம் இருந்தால் தான்சோ. ஒரே நிறத்தில் உலோகப் பளபளப்புடையது ஓகோன். 1910 வாக்கில் சில பெரிய செதில்கள் மட்டுமே உள்ள ஜெர்மானியக் கண்ணாடிக் கெண்டையைக் கலந்து உருவாக்கிய ஷூசுய்க்கு முதுகு நெடுக ஒரு வரிசையாகப் பெரிய செதில்கள் இருக்கும். பலரையும் ஏமாற்றுபவை சாங்கேயும் ஷோவாவும்தான். இரண்டிலும் சிவப்பு, வெள்ளை, கறுப்பு உண்டு. மீனை வெள்ளைத் தொட்டியில் விட்டு மேலிருந்து பாருங்கள். கறுப்பு தலைமேலும் பட்டையாக ஓடி, பக்கத் துடுப்பின் அடியில் திரண்டிருந்தால் அது ஷோவா. தலையில் கறுப்பே இல்லாமல், முதுகில் மட்டும் சிறு திட்டுகளாக இருந்தால் சாங்கே.

நல்ல பெற்றோரின் குஞ்சுகளிலும் விற்பனைத் தரத்துக்கு வருபவை மிகச் சிலவே என்பதால் ஜப்பானியப் பண்ணையாளர்கள் பலமுறை கழித்தெடுக்கிறார்கள்; ஷோவாவில் பொரித்த சில நாட்களிலேயே கருநிறக் குஞ்சுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குகிறார்கள். விரலளவில் தெரியும் சிவப்பு பின்னர் வெளுக்கலாம், மறைந்திருக்கும் கறுப்பு மேலெழும்பலாம். ஆகவே அந்த அளவில் பெயருக்காகக் கூடுதல் விலை தராதீர்கள். வாயோரம் இரண்டு ஜோடி மீசையும் நேரான முதுகும் இருக்கின்றனவா என்று பார்த்துக் வகை பிரிக்காத கலவைக் குஞ்சுகளாகவே வாங்குங்கள். சினைக்கு நிறுத்தும் மீன்களை, நிறம் நிலைத்த பிறகு, வகைவாரியாகத் தனித்தொட்டிகளில் பிரித்து விடுங்கள்.