துன்பம் ஆளாக்குமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சம்பூரைச் சேர்ந்தவன். 2006இல் போருக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. வாகரை, மட்டக்களப்பு, பிறகு கிளிவெட்டி முகாம் என்று என் இளமை தறப்பாள் கொட்டில்களில் கழிந்தது. விளையாட ஒன்றும் இருக்கவில்லை. மீன் டின்னை வெட்டி, தேய்ந்த இறப்பர் செருப்பில் சக்கரம் அறுத்து லொறி செய்வேன். பக்கத்துக் கொட்டிலில் இருந்த ஐயா ஒருவர் தன் குறட்டைத் தந்து கம்பி வளைக்கப் பழக்கினார். இன்று திருகோணமலையில் படகு எஞ்சின் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். என் மகனுக்கு ஏழு வயது. பொம்மை உடைந்தால் அதைத் திரும்பியும் பார்க்காமல் புதியது கேட்கிறான். கஷ்டம்தான் என்னை ஆளாக்கியது. அவனுக்கும் கொஞ்சம் கஷ்டத்தைக் காட்டினால்தான் உருப்படுவான் என்கிறேன். மனைவி சம்மதிக்க மாட்டேன் என்கிறாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (கோயில் திருவிழா வெடிச் சத்தம் கேட்டாலே இன்றும் எனக்கு விடியும்வரை தூக்கம் வராது. அது வேறு விஷயம்.)

ர., திருகோணமலை

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மனைவி சொல்வதே சரி. அடைப்புக்குறிக்குள் எழுதியிருப்பதும் வேறு விஷயம் அல்ல. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் வந்து போகிறார் அந்த ஐயா. அவரும் வீடு வாசலை விட்டு வந்தவர்தானே? முகாமில் ஒரு குறடு என்பது சின்னச் சொத்தல்ல. அதை இரவல் கேட்டு வருபவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அப்படிப்பட்ட ஒன்றை ஒரு சிறுவன் கையில் கொடுத்து, அவன் கம்பியைக் கோணலாக வளைத்து முறிப்பதையும் பொறுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். உங்களை ஆளாக்கியவர் அவர். நீங்களோ அந்தப் பெருமையைத் தறப்பாளுக்கும் பசிக்கும் கொடுத்துவிட்டீர்கள்.

இதை வெறும் உணர்ச்சியில் சொல்லவில்லை. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் தன் குழுவோடு பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமை, பெற்றோரின் குடி, மனநோய், ஓயாத வீட்டுச் சண்டை என்று பல சுமைகள் ஒருசேர விழுந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் தன்னம்பிக்கையும் பிறர்மேல் அக்கறையும் உள்ளவர்களாக வளர்ந்தார்கள். மற்ற இரு பங்கினருக்குப் படிப்பிலும் நடத்தையிலும் மனநலத்திலும் சிக்கல்கள் வந்தன. அவர்களில் பலர் முப்பது வயதுக்குப் பிறகு தேறினார்கள் என்பது ஆறுதலான செய்தி. ஆனால் துன்பம் தானாகவே ஆளாக்கும் என்றால் எல்லோரையும் அல்லவா ஆளாக்கியிருக்க வேண்டும்? நிமிர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு பாட்டியோ ஆசிரியரோ அயலவரோ, நம்பிக்கையான ஒருவராவது இருந்தார். பலருக்கு மனம் ஒன்றிச் செய்ய ஒரு பொழுதுபோக்கு இருந்தது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போன்ற, வீட்டுக்கு உண்மையாகவே தேவைப்பட்ட பொறுப்பும் இருந்தது.

கிளிவெட்டியில் உங்களோடு விளையாடிய பையன்கள் எல்லோரும் இன்று எங்கே இருக்கிறார்கள்? பாதியில் படிப்பை விட்டவர்கள், குடியில் விழுந்தவர்கள் யாரும் இல்லையா? அவர்கள் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை. மீண்டு வந்தவர்களின் குரலை மட்டும் கேட்டுவிட்டு, முகாமே நல்ல பள்ளிக்கூடம் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். இந்தப் பேச்சு எனக்குக் கோபத்தையே உண்டாக்குகிறது. போரைச் செய்தவர்களுக்கு அது மிகவும் வசதியான பேச்சு.

கற்பனைத் திறனும் இப்படித்தான். இல்லாமை ஒரு பிள்ளையைத் தேட வைக்கும் என்பதை மறுக்கவில்லை. செருப்பில் சக்கரத்தைக் கண்டுபிடித்தது உங்கள் மூளைதான். ஆனால் ஓயாமல் பயந்துகொண்டிருக்கும் பிள்ளை விளையாடாது. போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1996இல், மட்டக்களப்பில் போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக ‘வண்ணத்துப்பூச்சிப் பூங்கா’ என்ற இடம் தொடங்கப்பட்டது. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே சேர்ந்து களிமண் பிசைந்தார்கள், கதை சொன்னார்கள், நாடகம் போட்டார்கள். முதலில் அவர்களுக்குப் பயமில்லாத ஓர் இடத்தைப் பெரியவர்கள் அமைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். பொம்மையைப் பறித்தால் அவன் கற்றுக்கொள்ளப்போவது அப்பாவுக்குப் பயப்படுவதை மட்டுமே. துன்பத்தை நாம் வரவழைக்கத் தேவையில்லை. 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தபோது உங்கள் கடை எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்ல வேண்டுமா? அவனுடைய காலத்திலும் ஏதாவது வரும். அப்போது கைகொடுப்பது இப்போது உங்களோடு அவன் கழிக்கும் நேரம்தான்.

அடுத்த தடவை பொம்மை உடைந்தால் அதைக் கடைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆணியைக் கழற்றும் வேலையை அவனிடமே விடுங்கள். உங்கள் கை பரபரக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள். அது திருந்தாமல் போனாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்திருப்பான். சனிக்கிழமைகளில் கழற்றிய பிளக்கை அரத்தாள் தேய்த்துச் சுத்தம் செய்யும் வேலையைக் கொடுக்கலாம். சும்மா கொடுத்த வேலையா, அப்பாவுக்கு உண்மையில் உதவும் வேலையா என்று ஏழு வயதுப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். பிறந்த நாளுக்குப் புதிய பொம்மையும் வாங்கிக் கொடுங்கள்.

இனி அந்த அடைப்புக்குறி. சிறு வயதில் பட்டவை உடம்பிலும் மனதிலும் தங்குகின்றன. அவை கூடக்கூடப் பிற்காலத்தில் மனச்சோர்வும் இதய நோயும் அதிகமாக வருவதை 1998இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்று காட்டியது. உங்களுக்கு அப்படித்தான் ஆகும் என்று சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு வருடங்களாக வெடிச் சத்தத்துக்கு விழித்திருப்பதைப் பழக்கம் என்று விட்டுவிடாதீர்கள். இதற்குச் சிகிச்சை உண்டு, அது பலருக்குப் பலன் தந்திருக்கிறது. வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனைவியையும் கூட்டிக்கொண்டு இந்த மாதமே போய்வாருங்கள். போய்வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா