புதிய 6.8 தோட்டா: யாருக்கு வரவு, யாருக்குச் சுமை?

அமெரிக்கத் தரைப்படை 2022 ஏப்ரலில் தேர்ந்தெடுத்த புதிய ரைபிளும் இயந்திரத் துப்பாக்கியும் 6.8×51 மி.மீ. தோட்டாவைச் சுடுபவை. பெயரில் முதல் எண் விட்டத்தைச் சுமாராகக் குறிக்கும், இரண்டாவது உறையின் நீளம். அந்தத் தோட்டாவைப் பற்றி மதுரை வட்டார வாசகர்கள் கேட்டவற்றுக்கு, ராணுவத்தில் ஆயுதப் பராமரிப்புப் பணியில் இருந்து ஓய்வுபெற்று இப்போது திருப்பாலையில் வசிக்கும் முன்னாள் சுபேதார் ஒருவர் பதில் சொல்கிறார்.

திருமங்கலம் வாசகர்: ஐயா, பழைய 7.62×51 தோட்டாவுக்கும் இதற்கும் உறை நீளம் ஒன்று, உறையின் அடிப்பகுதி அகலமும் ஒன்று. பிறகு இதில் புதிது என்ன இருக்கிறது?

குண்டின் அளவில் ஒன்றுமில்லை. இதன் விட்டம் 0.277 அங்குலம். 1925இல் வந்த .270 வின்செஸ்டர் வேட்டைத் தோட்டாவுக்கும் அதே விட்டம்தான். புதுமை முழுவதும் உறையில் இருக்கிறது.

வழக்கமான உறை பித்தளை: 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். சுடும்போது அது விரிந்து, தோட்டா அமரும் அறையான சேம்பரின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்பக்கம் கசியாமல் அடைத்துவிடும். அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கி, இழுத்தால் வந்துவிடும். இந்த இரண்டு வேலையையும் பித்தளை அளவுக்கு ஒழுங்காகச் செய்யும் உலோகம் அரிது. ஆனால் உறையின் அடிப்பகுதி மட்டும் சேம்பருக்குள் முழுதாக அடங்குவதில்லை. அங்கே தாங்கிக்கொள்ளச் சுவர் கிடையாது. அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் முதலில் கைவிடுவது அந்த இடம்தான்.

அதனால் அடியைத் துருப்பிடிக்காத எஃகாலும், மேலே உடலைப் பித்தளையாலும் செய்து, உள்ளே ஓர் அலுமினிய இணைப்பால் பூட்டியிருக்கிறார்கள். பலன்: சதுர அங்குலத்துக்கு 80,000 பவுண்டு வரை அழுத்தம். 7.62இன் வேட்டை வடிவமான .308க்கு உச்சவரம்பு 62,000. உங்கள் பைக் டயரில் இருப்பது 30 சொச்சம். இந்தத் தோட்டாவைப் பாராட்ட வேண்டுமானால் இந்த உறைக்காகப் பாராட்டுங்கள். மற்றதெல்லாம் பழைய சரக்கு.

மதுரை, என்.சி.சி. மாணவி: சார், அழுத்தத்தை இவ்வளவு ஏற்றுவதற்குப் பதில் உறையைப் பெரிதாக்கி, அதிக வெடிமருந்து போட்டிருக்கலாமே?

போட்டிருக்கலாம் அம்மா. உறை நீண்டால் அதைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் போல்ட் நீளும், மேகசின் நீளும், துப்பாக்கியே கனக்கும். அவர்களுக்கு வேண்டியிருந்தது 13 அங்குலப் பேரல், அதன் முனையில் சைலன்சர். குட்டைப் பேரலில் வாயு குண்டைத் தள்ளுவதற்குக் கிடைக்கும் தூரம் குறைவு. அந்தக் குறைவை ஈடுகட்ட எளிய வழி, தள்ளும் அழுத்தத்தைக் கூட்டுவதுதான்.

16 அங்குலப் பேரலில் 135 கிரெய்ன் குண்டு, அதாவது 8.75 கிராம், நொடிக்கு 3,000 அடி போகும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. மீட்டரில் 914. ஆற்றல் சுமார் 3,650 ஜூல். ராணுவ 7.62×51இல் அது 3,300 பக்கம், சிறிய 5.56 தோட்டாவில் 1,700 பக்கம். ஆனால் இந்த வேகம் இலவசமாக வருவதில்லை. சூடான வாயு பேரலின் தொடக்கப் பகுதியை அரிக்கும். போல்ட்டின் பற்களும் கூடுதல் அடி வாங்கும். நீங்கள் பயிற்சியில் சுடும் .22 தோட்டாவின் அழுத்தம் 24,000 பவுண்டுதான். அந்தப் பழைய ரைபிள்கள் இன்னும் குறி தப்பாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மேலூர், முன்னாள் ஹவில்தார்: நாங்கள் 7.62×51 சுடும் எஸ்.எல்.ஆர். ரைபிள் தூக்கிய ஆட்கள். அதை வாங்கிக்கொண்டு 5.56 இன்சாஸ் ரைபிளைக் கொடுத்தார்கள். இப்போது நம் படையும் 7.62க்குத் திரும்பிவிட்டது, அமெரிக்காவும் பெரிய தோட்டாவுக்குத் திரும்புகிறது. பெரியதே நல்லது என்று நாங்கள் அன்றைக்கே சொல்லவில்லையா?

சொன்னீர்கள் அண்ணே. பாதி சரி.

இந்தச் சண்டை நம்மைவிட மூத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷார் .280 என்ற நடுத்தரத் தோட்டாவை உருவாக்கினார்கள். 1951இல் அதற்கான ரைபிளை ஏற்றுக்கொண்டு, சர்ச்சில் ஆட்சிக்கு வந்ததும் கைவிட்டார்கள். முழுச் சக்தித் தோட்டாதான் வேண்டும் என்று அமெரிக்கா பிடிவாதமாக நின்றது; 1954இல் 7.62×51 நேட்டோவின் பொதுத் தோட்டாவானது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அதே அமெரிக்கா வியட்நாமில் 5.56க்கு இறங்கியது. எல்லோரையும் இழுத்துவந்து உட்காரவைத்துவிட்டு, தான் எழுந்து போய்விட்டது!

இறங்கியதற்குக் காரணம் எடை. 7.62×51 ஒரு தோட்டா சுமார் 24 கிராம், 5.56 சுமார் 12. ஒரு சிப்பாயின் இடுப்பில் அது இரட்டிப்புக் கணக்கு. 6.8இல் அந்தக் கணக்கு மறுபடி தலைகீழாகிறது. 5.56இன் 30 தோட்டா மேகசின் ஏழு என்றால் 210. புதிய எம்7 ரைபிளின் 20 தோட்டா மேகசின் ஏழு என்றால் 140. சைலன்சரோடு அந்த ரைபிள் சுமார் நாலரைக் கிலோ, மேகசினும் தொலைநோக்கியும் தனி. ஆப்கானிஸ்தான் மலைகளில் 5.56 எட்டாத தூரத்திலிருந்து அடி வாங்கிய அனுபவம், எதிரி அணியும் நவீன மார்புக் கவசம் பற்றிய கவலை, இரண்டும் சேர்ந்துதான் அவர்களை இந்தச் சுமைக்குச் சம்மதிக்க வைத்தன.

நம் கதை வேறு. 2019இல் 72,400 சிக் 716 ரைபிள்களுக்கு ஒப்பந்தம் போட்டோம். அது உங்கள் எஸ்.எல்.ஆரின் அதே 7.62×51. ஆனால் அமேதி பக்கம் கோர்வாவில் செய்யும் ஏ.கே. 203 சுடுவது 7.62×39. உறை குட்டை, 8 கிராம் குண்டு நொடிக்கு 715 மீட்டர், ஆற்றல் 2,000 ஜூல் சுமார். பெயரில் 7.62 இருப்பதால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். பெருவாரியான வீரர்களுக்கு நம் படை தேர்ந்தது இந்தச் சிறிய 7.62ஐத்தான்.

என் கருத்தைக் கேட்டால், 6.8ஐ இயந்திரத் துப்பாக்கிக்குக் கொடுங்கள். தூரமும் ஊடுருவலும் அங்கே காசாகும். நடந்து போகும் ஒவ்வொருவன் தோளிலும் ஏற்றுவதை நான் ஏற்கவில்லை.

மதுரை, இலக்குச் சுடும் போட்டியாளர்: நீண்ட தூர இலக்குக்கு இந்த 6.8ஆ, 6.5 கிரீட்மோர் தோட்டாவா?

கிரீட்மோர்தான், யோசிக்கவே வேண்டாம். ஹார்னடி நிறுவனம் 2007இல் அதைப் போட்டிக்காகவே வடிவமைத்தது. உறை 48.8 மி.மீ.; .308ஐவிட இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் குட்டை. அந்த மிச்ச இடத்தில் நீண்டு மெலிந்த 140 கிரெய்ன் குண்டு மேகசினுக்குள் அடங்கிவிடுகிறது. நீண்ட குண்டு காற்றைக் கிழித்துப் போகும், பக்கக்காற்றுக்கு அவ்வளவாக அசையாது. அழுத்தம் 62,000தான், தோளில் உதையும் .308ஐவிடக் குறைவு. காகிதத்தைத் துளைப்பதற்கு 80,000 பவுண்டு எதற்கு?

ஒத்தக்கடை வாசகர்: நம் ஊர் வெயில் தோட்டாவைப் பாதிக்குமா?

பாதிக்கும். சூடேறிய மருந்து வேகமாக எரியும்; அழுத்தம் ஏறும், குண்டின் வேகமும் கூடும். சித்திரைத் திருவிழா நேரத்து வெயிலில் காருக்குள் கிடந்த தோட்டா, மார்கழிக் காலையில் சுட்ட இடத்தில் போய் விழாது. வெப்பத்துக்கு அதிகம் அசையாத மருந்துகள் இப்போது இருக்கின்றன என்றாலும், உச்சவரம்பிலேயே வேலை செய்யும் தோட்டாவில் மிச்சம் வைத்திருக்கும் பாதுகாப்பு இடைவெளியைப் பற்றி நான் கூடுதலாகவே கேட்பேன். ஜெய்சால்மரிலும் சியாச்சினிலும் ஒரே தோட்டாவைச் சுட வேண்டிய படை நம்முடையது.

கே.கே. நகர், பொறியாளர்: எஃகும் பித்தளையும் ஒட்டுவதைவிடப் பிளாஸ்டிக் உறை எளிதல்லவா?

அதே தேர்வில் அதுவும் நின்றது. ஒரு நிறுவனம் பாலிமர் உறையோடு வந்தது. இன்னொன்று குண்டையே உறைக்குள் முழுதாக அமிழ்த்திய உருளைத் தோட்டாவோடு வந்தது. மூன்று போட்டியாளர்களுக்கும் குண்டு மட்டும் அரசு கொடுத்த ஒன்றே. எடையைக் குறைப்பதில் மற்ற இரண்டுக்கும்தான் வாய்ப்பு அதிகம். கடைசியில் பழைய வடிவத்துக்கு மிக நெருங்கியது வென்றது. படைகள் அப்படித்தான். எனக்கு அந்த உருளைத் தோட்டா போனதில் வருத்தம்.

பேரையூர், விவசாயி: மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி அழிக்கிறது. உரிமம் வாங்கினால் இந்தத் தோட்டா கிடைக்குமா? பன்றிக்கு ஆகுமா?

கிடைக்காது அண்ணாச்சி. நம் நாட்டில் பொதுமக்கள் உரிமத்தில் வழக்கமாகக் கிடைக்கும் ரைபிள் .315தான். அது பழைய 8 மி.மீ. மான்லிச்சர் தோட்டாவின் வாரிசு. பன்றிக்கு அதுவே தாராளம். ஆனால் உரிமம் இருப்பதால் பன்றியைச் சுடலாம் என்று ஆகிவிடாது, வனச்சட்டத்தில் வழக்கு வரும். தமிழக அரசு 2025இல் அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர்தான் சுடலாம். ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. இடைப்பட்ட தூரத்தில் பிடித்துக் காட்டில் விடுவார்கள். உங்கள் நிலம் காட்டிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் வாங்கி, சேதத்தைப் படமெடுத்து, வனச்சரகர் அலுவலகத்தில் மனுவாகக் கொடுங்கள்.