விமானி, இரயில் ஓட்டுநர் போன்றோரின் நோய் விவரம் வேலை தருபவருக்குத் தெரிய வேண்டுமா?

நோய் என்னவென்று தெரிய வேண்டியதில்லை. இன்றைக்கு அந்த வேலையைச் செய்யும் தகுதி அவருக்கு இருக்கிறதா என்பது தெரிந்தே ஆக வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான், உயிர் பெரிதா அந்தரங்கம் பெரிதா என்ற இடத்திலேயே இந்த விவாதம் நின்றுவிடுகிறது.

இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் சுட்டிக்காட்டப்படுவது, ஜெர்மன்விங்ஸ் என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் விமான விபத்து. 2015 மார்ச் 24 அன்று பார்சிலோனாவிலிருந்து டுசல்டார்ஃப் சென்றுகொண்டிருந்த அந்த விமானத்தின் துணை விமானி, தலைமை விமானி விமானிகள் அறையிலிருந்து வெளியே சென்ற நேரத்தில் அதன் கதவைத் தாழிட்டுக்கொண்டு, பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் வேண்டுமென்றே விமானத்தை மோதவிட்டார். 150 பேர் இறந்தார்கள். அதற்குச் சரியாக இரண்டு வாரம் முன்பு, மார்ச் 10 அன்று, அவரைப் பரிசோதித்த தனியார் மருத்துவர் ஒருவர் உளப்பிறழ்வு இருக்கக்கூடும் என்று கருதி, மனநல மருத்துவமனையில் சேரும்படி பரிந்துரைத்திருந்தார் என்று பிரெஞ்சு விசாரணை அமைப்பின் 2016ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. மருத்துவர்கள் அவருக்கு விடுப்புச் சான்றிதழ்கள் கொடுத்திருந்தார்கள். அவற்றில் சில நிறுவனத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பு நோயாளியிடமே இருந்தது.

அந்த மருத்துவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று கோபப்படுவது எளிது. ஜெர்மனியில் நோயாளியின் இரகசியத்தை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. உடனடி ஆபத்து இருந்தால் வெளியிடலாம் என்ற விலக்கும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் உடனடி ஆபத்து என்பது எது என்பதற்குத் தெளிவான வரையறை இல்லை என்பதை அந்த அறிக்கையே குறையாகச் சொன்னது. அதே அறிக்கையில் என்னை அதிகம் உறுத்திய விவரம் வேறொன்று: பயிற்சிச் செலவுக்காக அந்த இளைஞர் ஏறத்தாழ 41,000 யூரோ கடன் வாங்கியிருந்தார். அவர் செய்ததை எதுவும் நியாயப்படுத்தாது. ஆனால் உரிமம் போனால் சம்பளம் போகும், கடன் மட்டும் நிற்கும் என்ற நிலையில் இருக்கும் எவரும் தன் நோயைத் தானே முன்வந்து சொல்லத் தயங்குவார்.

இந்தப் பயத்தை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். என் பெரியப்பா இரயில் ஓட்டுநர். சர்க்கரை என்று தெரிந்தாலே வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று நம்பியதால், மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்தெடுத்து, விபூதிச் சம்புடத்துக்குள் போட்டுத்தான் பணிக்கு எடுத்துச் செல்வார். மருத்துவப் பரிசோதனைக்கு முந்தைய இரவு பெரியம்மா தூரத்தில் நின்று நாட்காட்டியைப் பிடித்துக்கொள்ள, அவர் ஒவ்வொரு கண்ணாக மூடி எண்களைப் படித்துப் பார்ப்பார். ஒரு கட்டத்தில் இரவில் சிக்னல் விளக்கைச் சுற்றி மங்கலாகத் தெரிவதாக அவரே பயந்துபோய் மருத்துவரிடம் சொன்னார். ஓட்டும் பணியிலிருந்து விலக்கி, ஓட்டுநர்கள் கையெழுத்திட்டுப் பணியேற்கும் லாபியில் அவருக்கு வேறு வேலை கொடுத்தார்கள். வேலை போகவில்லை என்றானதும் மாத்திரை அட்டை சாப்பாட்டு மேசைக்கு வந்தது. அத்தனை ஆண்டுகள் அவர் பின்னால் உட்கார்ந்து பயணம் செய்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் பதறுகிறது.

நம் நாட்டுச் சட்டங்களில் இதற்கு இடம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளியின் விவரங்களை இரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் அதே பிரிவில், பிறருக்குத் தீங்கு நேராமல் காக்கவும் பொதுமக்கள் பாதுகாப்புக்காகவும் விலக்கு அளிக்கிறது. தீங்கைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மட்டுமே சொல்லலாம் என்ற வரம்பையும் வைத்திருக்கிறது. பணிக்காலத்தில் உடற்குறைபாடு ஏற்பட்டவரை அரசு நிறுவனங்கள் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்றும், பழைய பணிக்குப் பொருந்தாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும் என்றும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் சொல்கிறது. தனியார் விமான நிறுவனத்தில் இருப்பவருக்கு இந்தப் பிடிமானம் இல்லை. சட்டம் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

எனவே, முழு மருத்துவக் கோப்பையும் மேலாளரின் மேசையில் வைக்கும் கட்டாயத்தை நான் எதிர்க்கிறேன். அப்படி ஒரு விதி வந்தால் கோப்பே உருவாகாது; யாரும் மருத்துவரிடம் போகமாட்டார்கள். மாறாக, சிகிச்சை அளிக்கும் மருத்துவர், உரிமம் வழங்கும் அமைப்பின் மருத்துவருக்கு, "இவர் மறுபரிசோதனை வரை பணிக்குத் தகுதியற்றவர்" என்று நோயின் பெயர் இல்லாமல் ஒரே வரியை, நோயாளியின் கை வழியாக அல்லாமல், நேரடியாக அனுப்பும் கடமை இருக்க வேண்டும். மார்ச் 10 அன்று எழுதப்படாமல் போனது அந்த ஒரு வரிதான்.