எண்ணிப் பழகலாம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: மகளுக்கு நாலரை வயது. ஐம்பது வரை மடமடவென ஒப்பிக்கிறாள். "ஏழு புளியங்கொட்டை எடு" என்றால் கைக்கு வந்ததை அள்ளித் தருகிறாள். ஏன்?
- வாசகி, நாமக்கல்

பதில்: ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. ஒரு கொட்டைக்கு ஒரே எண், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்ற இரண்டும் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. ஐம்பது இருக்கட்டும், ஐந்துக்குள் தொடங்குங்கள்.

30 முட்டை வைக்கும் அட்டை ஒன்று புதிதாக வாங்குங்கள் (உங்கள் ஊரில் கிடைக்காததா!). பழையதில் எச்சம் ஒட்டியிருக்கும், வேண்டாம். வரிசைக்கு 5 குழி, 6 வரிசை. இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் பத்துக்குழி அட்டை மூன்று தேறும். குழிக்கு ஒன்றாக, மேல் வரிசையை இடமிருந்து நிரப்பிய பிறகே கீழ் வரிசைக்கு வர வேண்டும். ஏழு என்றால் மேலே ஐந்து, கீழே இரண்டு, காலி மூன்று. இதே ஒழுங்கில் பழகினால் நாளடைவில் எண்ணாமலே ஏழு என்பாள். பத்துக்கு இன்னும் மூன்று என்பதும் கண்ணிலேயே தெரியும்.

வைத்து முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினால் மூன்று கொட்டைக்கு இறங்குங்கள். பல நிற மணிகள் கொடுத்தால் நிறம் பிரிக்கத்தான் உட்காருவாள். வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் கொட்டையே வேண்டாம். மூக்கிலோ தொண்டையிலோ சிக்கும்.

கேள்வி: ஒன்றாம் வகுப்புப் பையன் முப்பத்தைந்தை 305 என்று எழுதுகிறான். பத்துப் பத்து முறை எழுத வைத்தும் திருந்தவில்லை.
- வாசகர், காரைக்குடி

பதில்: முப்பது, ஐந்து என்று காதில் விழுந்தபடியே எழுதுகிறான். இம்போசிஷன் இதற்கு மருந்தல்ல. ஒரே அளவாக நறுக்கிய ஈர்க்குச்சி 35 கொடுங்கள். பத்துப் பத்தாக எண்ணி அவனே ரப்பர் பேண்ட் போடட்டும். நீங்கள் கட்டிக் கொடுத்தால் அது அவனுக்கு வெறும் ஒரு கட்டு, உள்ளே இருக்கும் பத்து தெரியாது. கட்டு மூன்று இடப்பக்கம், உதிரி ஐந்து வலப்பக்கம்.

பிறகு அட்டை. 10, 20 முதல் 90 வரை 8 செ.மீ. அகலத்தில், 1 முதல் 9 வரை 4 செ.மீ. அகலத்தில் எழுதுங்கள். 30-இன் பூஜ்யத்தை மறைத்து 5-ஐ வைத்தால் 35. ஐந்தைத் தூக்கினால் பூஜ்யம் அங்கேயே இருக்கும். பெரிய அட்டையில் பூஜ்யம் வலது பாதிக்குள் அடங்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் எட்டிப்பார்த்துக் குழப்பும்.

கேள்வி: விரல்விட்டுக் கூட்டுவதைத் தடுக்கலாமா?
- வாசகி, தென்காசி

பதில்: கூடாது. 8+3-க்கு "எட்டு, ஒன்பது, பத்து" என்று எட்டுக்கே முதல் விரலை நீட்டினால்தான் விடை ஒன்று குறையும். எட்டு என்னும்போது நெற்றியைத் தொடட்டும், முதல் விரல் ஒன்பதுக்கு.